போக்கர் மேசையில் கோபத்தைக் கையாள்வது எப்படி: உட்காரும் முன்பிருந்து மறுநாள் வரை

கையில் இரண்டு ஏஸ். ஃப்ளாப் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) வரும் முன்பே மொத்த ஸ்டாக்கும் (முன்னால் உள்ள சிப் முழுவதும்) நடுவில். எதிரே இருப்பவர் இரண்டு கிங்கைத் திருப்புகிறார், கடைசிப் பொதுச் சீட்டான ரிவரில் மூன்றாவது கிங் வந்து விழுகிறது. சரி, போனது ஒரு பை-இன், அதாவது மேசையில் உட்காரக் கொண்டுவந்த தொகை. ஆனால் அதற்கு அடுத்த அரை மணி நேரத்தில், கிடைத்த சீட்டுக்கெல்லாம் ரெய்ஸ் செய்து (பந்தயத்தை ஏற்றி), ஃபோல்ட் (சீட்டைப் போட்டுவிட்டு விலகுவது) என்று ஒன்று இருப்பதையே மறந்து ஆடி, இன்னும் இரண்டு மூன்று பை-இன் போகிறதே, அந்தப் பழியைச் சீட்டின் மேல் போட முடியாது. ஆடுபவர்கள் டில்ட் என்று சொல்வது இந்த அரை மணி நேரத்தைத்தான்.

புதிதாக வருபவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தால், கோபம் வந்த பிறகு என்ன செய்வது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மூச்சை இழுத்து விடுவதா, பத்து வரை எண்ணுவதா என்று. அதுவும் வேண்டும், ஆனால் இந்த வழிகாட்டியில் அது ஆறாவது படி. ஏனென்றால் கோபம் ஏறிய தலைக்குத் தனக்குக் கோபம் ஏறியிருப்பது தெரியாது, தான் தெளிவாக யோசிப்பதாகவே அது நம்பும். அதனால் முடிவுகளில் முக்கால்வாசியை மேசைக்கு வரும் முன்பே எடுத்து வைத்துவிட வேண்டும். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

இங்கே சொல்வது பெரும்பாலும் நோ-லிமிட் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு சீட்டு, ஐந்து பொதுச் சீட்டு, பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லை) கேஷ் கேமை, அதாவது நேரடியாகப் பணத்துக்கு ஆடி எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகக்கூடிய ஆட்டத்தை மனதில் வைத்து. டோர்னமென்ட்டில் மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டு, அல்லது போனில் ஒரு குறிப்புப் பக்கம். ஒரு அலாரம். ஆட்டத்துக்கென்று ஒதுக்கிய தனிப் பணம். ஆன்லைனில் ஆடினால், ஆடிய ஹேண்ட்களை (ஒரு தடவை சீட்டுப் போட்டு முடியும் ஆட்டம் ஒரு ஹேண்ட்) திரும்பப் பார்க்கும் வசதி எங்கே இருக்கிறது என்ற விவரம். அப்புறம், பணம் வைத்து ஆடுவது நீங்கள் இருக்கும் இடத்தில் சட்டப்படி செல்லுமா என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தோடு ஆடுகிறவரின் மனம் முதல் ஹேண்டிலேயே பாதி ஆடிப்போயிருக்கும்.

1. பணத்தைப் பிரித்து வையுங்கள்

கோபத்தின் அளவு, போன பணம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பொறுத்தது. வாடகைக்கு வைத்திருந்த பணம் ரிவரில் போனால் எந்த மூச்சுப் பயிற்சியும் உதவாது, உதவவும் கூடாது. அது நியாயமான பயம்.

அதனால் பேங்க்ரோல் என்று ஒரு தொகையைத் தனியாக வையுங்கள். முழுக்கப் போனாலும் வீட்டுச் செலவில் ஒரு பைசா குறையாத தொகையாக இருக்க வேண்டும். கேஷ் கேமில் ஒரு பை-இன் என்பது வழக்கமாக 100 பிக் பிளைண்ட் (பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகப் போடும் பந்தயம், அதில் பெரியது பிக் பிளைண்ட்). அப்படி 20 முதல் 40 பை-இன் வரை கையில் இருக்கும் ஸ்டேக்கில் (மேசையின் பந்தய அளவில்) மட்டும் ஆடுவது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. டோர்னமென்ட்டில் பெரும்பாலான தடவை வெறுங்கையோடுதான் வெளியே வருவோம், அதனால் அங்கே 100 பை-இன்னுக்கு மேல் வேண்டும்.

இங்கே நடக்கும் தவறு, அக்கவுண்ட்டில் இருப்பதையெல்லாம் பேங்க்ரோலாக எண்ணுவது. இன்னொன்று, 5 பை-இன் மட்டும் வைத்துக்கொண்டு "கவனமாக ஆடிக்கொள்கிறேன்" என்பது. ஐந்தில் ஒன்று போனாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும், அப்புறம் ஆடுவது நீங்கள் இல்லை, அந்தப் படபடப்புதான். கணக்கு ஒத்து வராவிட்டால் ஸ்டேக்கைக் குறையுங்கள். இதில் கௌரவம் பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும் முதலில் காலியாகிறார்கள்.

2. சதவீதத்தை உடம்புக்குப் பழக்குங்கள்

கோபத்துக்கு அடியில் பெரும்பாலும் ஒரு எதிர்பார்ப்பு இருக்கும்: "இது என் பாட்" (நடுவில் சேர்ந்த பணம்). அது உண்மையில் எவ்வளவு தூரம் உங்களுடையது என்பதைக் கணக்கு சொல்லிவிடும்.

இரண்டு ஏஸுக்கு எதிராக இரண்டு கிங் ஃப்ளாப்புக்கு முன் ஆல்-இன் போனால் (இருப்பதையெல்லாம் நடுவில் தள்ளினால்) ஏஸ் சுமார் 82 சதவீதம் ஜெயிக்கும். அதாவது ஐந்தாறு தடவைக்கு ஒரு தடவை கிங் ஜெயித்தே தீரும். ஃப்ளாப்பில் ஃப்ளஷ் டிராவோடு (ஒரே சூட்டில் நாலு சீட்டு சேர்ந்து ஐந்தாவதுக்குக் காத்திருப்பது) இருப்பவருக்கு இன்னும் இரண்டு சீட்டு வர வேண்டியிருந்தால் சுமார் 35 சதவீதம், நான்காவது பொதுச் சீட்டான டர்ன் முடிந்து ஒரே சீட்டு பாக்கி என்றால் சுமார் 20. இரண்டு குயீனுக்கு எதிராக வேறு வேறு சூட்டில் ஏஸ்-கிங் என்றால் குயீனுக்கு 57 சதவீதம்தான், கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவது.

இதைப் படித்து மனப்பாடம் செய்தவர்களும் 80 சதவீதத்தை உள்ளுக்குள் 100 என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அதை உடைக்க ஒரு கணக்கு: 80 சதவீதச் சாதகத்தோடு ஐந்து தடவை ஆல்-இன் போனால், ஐந்தையும் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 33 சதவீதம் மட்டுமே. மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஏதாவது ஒன்றில் அடி விழும். வரிசையாக மூன்று தடவை தோற்பது 125-இல் ஒரு தடவை. நிறைய ஆடுகிறவருக்கு அது எப்போதாவது வந்தே தீரும்.

நீண்ட கணக்கு இன்னும் கசப்பானது. நன்றாக ஆடும் ஒருவர் 100 ஹேண்டுக்குச் சராசரியாக 5 பிக் பிளைண்ட் லாபம் பார்க்கிறார், அவருடைய ஏற்ற இறக்கம், அதாவது திட்டவிலக்கம், 100 ஹேண்டுக்கு 90 பிக் பிளைண்ட் என்று வைத்துக்கொள்வோம். 10,000 ஹேண்ட் முடிவில் அவர் நஷ்டத்தில் இருக்கும் வாய்ப்பு சுமார் 29 சதவீதம். நேரடி மேசையில் மணிக்கு 30 ஹேண்ட் என்றால் 10,000 ஹேண்ட் என்பது 330 மணி நேரத்துக்கும் மேல். அவ்வளவு நேரம் சரியாக ஆடியும் நஷ்டம் வரலாம் என்றால், ஒரு சாயங்காலத்தின் முடிவை வைத்து எதையாவது தீர்மானிக்க முடியுமா?

பயிற்சி இதுதான். ஆல்-இன் போய் சீட்டுகள் திறந்தவுடன், அடுத்த சீட்டு விழும் முன், எதிராளியின் சதவீதத்தை மனதுக்குள் சொல்லுங்கள். உங்களுடையதைச் சொல்ல வேண்டாம், அவருடையதை. "அவருக்கு 18 இருக்கிறது." விழுந்த பிறகு சொன்னால் அது ஆறுதல் மட்டுமே, முன்பே சொல்லி வைத்தால் அதிர்ச்சியின் கூர்மை குறைகிறது. கூடவே நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள், ஒன்று உங்களுக்கு விழுந்த பேட் பீட் (முன்னால் இருந்தும் கடைசியில் சீட்டால் தோற்பது), இன்னொன்று நீங்கள் அடுத்தவருக்குக் கொடுத்தது. இரண்டாவது பத்தியை நிரப்பும்போது ஒவ்வொருவர் முகமும் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

3. உங்கள் கோபம் எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

எல்லோருக்கும் பேட் பீட்டில்தான் கோபம் வரும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. வகை தெரியாமல் மருந்து போட்டால் வேலை செய்யாது.

சிலருக்கு ரிவரில் தோற்பது பொறுக்காது. இவர்களுக்கு மேலே சொன்ன சதவீதப் பயிற்சியே பாதி தீர்வு.

சிலர் பேட் பீட்டைச் சிரித்துக்கொண்டே கடப்பார்கள், ஆனால் தாங்களே செய்த தப்பு ஒன்றை, ஃபோல்ட் செய்திருக்க வேண்டிய இடத்தில் கால் செய்ததை (எதிராளியின் பந்தயத்துக்கு ஈடு கட்டியதை), அடுத்த முப்பது ஹேண்டும் மென்றுகொண்டே இருப்பார்கள். இவர்கள் கோபம் தங்கள் மேலேயே. இவர்கள் ஹேண்டை உடனே குறித்து வைத்து "நாளைக்குப் பார்க்கிறேன்" என்று மூடிவிட வேண்டும். குறித்து வைத்ததை மனம் கொஞ்சம் விட்டுவிடும், குறிக்காததைச் சுற்றிச் சுற்றி வரும்.

மூன்றாவது, ஒரு குறிப்பிட்ட ஆளின் மேல் வரும் கோபம். அவர் மூன்று தடவை ரீ-ரெய்ஸ் செய்துவிட்டார், ஒரு பிளஃப்பை (மோசமான கையோடு போட்ட ஏமாற்றுப் பந்தயத்தை) காட்டிச் சிரித்துவிட்டார், அவ்வளவுதான், அதற்கப்புறம் மேசையில் மற்றவர்கள் இருப்பதே கண்ணில் படாது. இதற்கு நல்ல மருந்து இடம் மாறுவது. ஆன்லைனில் மேசை மாறுவது ஒரு நொடி வேலை. அவரை அங்கேயே தோற்கடித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றினால், அந்த எண்ணமே மாற வேண்டிய நேரத்தின் அடையாளம்.

நான்காவது, "இவ்வளவு மோசமாக ஆடுகிற ஆளுக்கா என் பணம்?" என்ற எரிச்சல். கொஞ்சம் படித்துத் தேறியவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். மோசமாக ஆடுபவர் அவ்வப்போது ஜெயிக்காவிட்டால் மேசைக்குத் திரும்பவே மாட்டார், உங்கள் லாபம் அவரிடமிருந்துதான் வருகிறது. இதை மேசையில் யோசித்துப் பயனில்லை, உட்காரும் முன் ஒரு வரியாக எழுதி வையுங்கள்.

கடைசியாக, யாரும் கோபம் என்று கணக்கில் சேர்க்காத ஒன்று, சலிப்பு. மணிக்கணக்கில் ஒரு நல்ல சீட்டும் வராது. இரண்டு ஏஸ் சராசரியாக 221 ஹேண்டுக்கு ஒரு தடவைதான் வரும், நேரடி மேசையின் வேகத்தில் அது ஏழு மணி நேரத்துக்கும் மேல். கையில் ஒரு ஜோடி இருந்தாலும் ஃப்ளாப்பில் செட் (அதே மதிப்பில் மூன்று சீட்டு) அமைவது எட்டு ஒன்பது தடவைக்கு ஒன்று. இது தெரியாமல் காத்திருப்பவர் "இன்றைக்கு எனக்கு மட்டும் வரவில்லை" என்று நினைத்து, ஒன்பது-நாலை வைத்துக்கொண்டு உள்ளே போகிறார். சத்தமில்லாமல் பணத்தைத் தின்னும் டில்ட் இது.

சமீபத்தில் ஆடி நஷ்டப்பட்ட சில அமர்வுகளை நினைத்துப் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஆட்டம் கெட்டுப்போன அந்த இடம் எது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று எழுதுங்கள். ஒரே வகை திரும்பத் திரும்ப வரும்.

4. அறிகுறிகளை மூன்று அடுக்காக எழுதுங்கள்

கோபம் பெரும்பாலும் முதலில் உடம்பில் தெரியும், அடுத்து எண்ணத்தில், கடைசியில் ஆட்டத்தில். கடைசி அடுக்கில் கண்டுபிடித்தால் பணம் ஏற்கெனவே போயிருக்கும். உங்களுக்கு முதல் அடுக்கு என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

உடம்பில்: தாடை இறுகுவது, காது சூடாவது, தோள் மேலே ஏறுவது, சிப்பை வேகமாகக் கலைப்பது, மௌஸை அழுத்தி அழுத்திச் சொடுக்குவது. எண்ணத்தில்: "போனதை எடுத்துட்டுக் கிளம்பிடலாம்", "இவன்கிட்ட எதுவும் இருக்காது", "இந்த ஆப்பே ஏமாத்துது". ஆட்டத்தில்: முடிவுகள் சட்டென்று வருவது, பிளைண்டிலிருந்து எல்லாவற்றையும் கால் செய்வது, ரிவரில் பெரிய பெட் (பந்தயம்) வந்தும் விட மனம் வராதது.

ஆட்டத்தில் தெரியும் அடுக்கில் பலரும் தவறவிடுவது எதிர்ப்பக்கம். டில்ட் என்றால் வெறித்தனமாக ரெய்ஸ் செய்வது மட்டும் என்று நினைப்பார்கள். அடி வாங்கியவர் பயந்து சுருங்குவதும் டில்ட்தான். பெட் செய்ய வேண்டிய நல்ல கையை செக் செய்வது (பந்தயம் போடாமல் கடப்பது), "எப்படியும் ரிவரில் தோற்கத்தானே போகிறேன்" என்று மதிப்பை விட்டுக்கொடுப்பது. வெளியே பார்த்தால் அமைதியாக இருப்பார், அதனால் கண்டுபிடிக்கத் தாமதமாகும்.

5. உட்காரும் முன் வரம்பைப் போட்டு, அதை மீறும் வழியை அடையுங்கள்

ஸ்டாப்-லாஸ்: ஒரு அமர்வில் இவ்வளவு போனால் எழுந்துவிடுவேன் என்ற எண். பொதுவாக 3 பை-இன் வைப்பார்கள். புதியவர்கள் 2-இல் நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து, மூன்றாவதை நல்ல மனநிலையில் ஆடிய புதியவரை அபூர்வமாகத்தான் பார்க்க முடியும்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ஸ்டாப்-லாஸ் உங்கள் அதிர்ஷ்டத்தை மாற்றாது. நாளைக்கு வரப்போகும் சீட்டுக்கு இன்று எழுந்ததும் தெரியாது, எழாததும் தெரியாது. அதன் வேலை ஒன்றே ஒன்று: மோசமான மனநிலையில் ஆடும் ஹேண்ட்களின் எண்ணிக்கையைக் குறைப்பது. இது புரியாதவர்தான் "சீட்டு நன்றாக வர ஆரம்பித்துவிட்டது" என்று வரம்பை மீறுகிறார்.

நேர வரம்பும் போடுங்கள், அலாரம் வையுங்கள். களைப்பும் பசியும் மதுவும் கோபத்தின் வாசலைத் தாழ்த்திவிடும். சரியாகத் தூங்காத நாளில் உட்காராமல் இருப்பது இந்தக் கட்டுரையில் உள்ள எல்லா உத்தியையும் விட மலிவானது.

வரம்பை எழுதினால் மட்டும் போதாது. ஆன்லைனில் ஸ்டாக் குறைந்தால் தானாக நிரப்பும் ஆட்டோ ரீ-பையை அணைத்து வையுங்கள், டெபாசிட் வரம்பு இருந்தால் போடுங்கள், வழக்கமாக நான்கு மேசை திறப்பவர் இரண்டு திறங்கள். நேரடி ஆட்டத்துக்குப் போகிறீர்களா, வரம்புத் தொகையை ரொக்கமாக எடுத்துக்கொண்டு கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மீறுவதற்கு ஐந்து நிமிட வேலை இருந்தால், அந்த ஐந்து நிமிடத்தில் பாதிப்பேருக்குக் கொதிப்பு இறங்கிவிடும்.

6. அடி விழுந்த முதல் ஒரு நிமிடம்

இப்போதுதான் மேசையில் செய்ய வேண்டியது வருகிறது. வரிசை முக்கியம்.

முதலில் கையை எடுங்கள். மௌஸிலிருந்து, சிப்பிலிருந்து. அடுத்த ஹேண்டை யோசிக்காமல் விட்டுவிடுங்கள், ஆன்லைன் என்றால் சிட் அவுட் (மேசையில் இருந்தபடியே சற்று விலகி நிற்பது), நேரடி மேசை என்றால் எழுந்து நாலு அடி நடங்கள். ஒரு பிளைண்ட் போனால் போகட்டும். கோபத்தில் ஆடும் ஒரு ஹேண்டுக்கு நூறு பிளைண்ட் போகலாம்.

அடுத்து மூச்சு. நாலு எண்ணும் நேரம் உள்ளே இழுத்து, ஆறிலிருந்து எட்டு எண்ணும் நேரம் மெதுவாக வெளியே விடுங்கள், ஐந்தாறு தடவை. வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும், இதயத் துடிப்பைத் தணிப்பது அதுதான். ஆழமாக இழுத்துப் படபடவென்று விடுபவர்களுக்கு இது வேலை செய்யாமல் போவதும் அதனால்தான்.

மூன்றாவதாக ஒரு கேள்வி, ஒன்றே ஒன்று: "பணம் நடுவில் போன அந்த நேரத்தில் நான் முன்னால் இருந்தேனா, பின்னால் இருந்தேனா?" முன்னால் என்றால் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டீர்கள். பின்னால் என்றால் ஹேண்டைக் குறித்து வையுங்கள், அலசுவது நாளைக்கு.

இந்த ஒரு நிமிடத்தில் வாயையும் சாட்டையும் மூடி வையுங்கள். "அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு எப்படி கால் செய்தீர்கள்?" என்று கேட்டவுடன் இரண்டு நஷ்டம். அவர் வெட்கப்பட்டுத் திருந்தி ஆடுவார், அல்லது எழுந்து போவார். இரண்டாவதாக, உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது என்று மேசையில் உள்ள மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும், தெரிந்தவர்கள் உங்களை பிளஃப் செய்வதை நிறுத்தி, நல்ல கையோடு பெரிய பெட் போட ஆரம்பிப்பார்கள்.

7. திரும்பி வரும்போது சுருக்கி ஆடுங்கள்

ஒரு நிமிடத்தில் முழுக்க ஆறிவிடாது. அடுத்த இரண்டு சுற்றுக்கு ஆட்டத்தை எளிதாக்குங்கள்: சந்தேகமான கையை முன்பே ஃபோல்ட் செய்வது, பிளஃப்பைத் தொடாமல் இருப்பது, "அவர் ஏமாற்றுகிறார்" என்ற உள்ளுணர்வை மட்டும் நம்பி கால் செய்யாமல் இருப்பது. கடினமான முடிவுகள் குறைந்தால் தப்பும் குறையும்.

ஒவ்வொரு முடிவுக்கும், வெளிப்படையானதற்கும் கூட, மூன்று நொடி எடுங்கள். கோபம் வேகத்தில்தான் ஒளிந்துகொள்ளும்.

ஒரே அமர்வில் இரண்டாவது தடவை முதல் அடுக்கு அறிகுறி தெரிந்தால் இந்தப் படிக்குத் திரும்ப வராதீர்கள், நேராக எட்டாவதுக்குப் போங்கள்.

8. எழுந்து போவது

எல்லோரும் தடுக்கி விழும் இடம். தடுப்பது ஒரே எண்ணம்: "நஷ்டத்தோடு போக முடியாது." நஷ்டத்தில் இருக்கும் மனிதன் சாதாரணமாக எடுக்காத ரிஸ்க்கை எடுப்பான் என்பதை டேனியல் கானெமனும் ஏமோஸ் டுவெர்ஸ்கியும் 1979-இல் ஆய்வாக வெளியிட்டார்கள். உறுதியான சிறு நஷ்டத்தை ஏற்பதை விட, எல்லாம் திரும்பக் கிடைக்கலாம் என்ற மெலிந்த வாய்ப்புக்காகப் பெரிய நஷ்டத்தின் பக்கம் சாய்வோம். மேசையில் அது ஸ்டேக்கை ஏற்றுவதாகத் தெரியும். 2 பை-இன் போனவர் இரண்டு மடங்கு பெரிய மேசையில் உட்கார்ந்து ஒரே ஆல்-இன்னில் சரிசெய்யப் பார்ப்பார். அங்கே எதிரிகளும் இன்னும் நன்றாக ஆடுபவர்கள்.

எழுவதை எளிதாக்க அடுத்த வேலையை முன்பே முடிவு செய்து வையுங்கள்: நடை, குளியல், யாருக்காவது போன், எதுவானாலும். வெறுமனே "நிறுத்து" என்று சொன்னால் மனம் கேட்காது, போக ஒரு இடம் வேண்டும். எழுந்த பிறகு போனில் வேறு சூதாட்டத்தைத் திறப்பது எழுந்ததில் சேராது.

டோர்னமென்ட்டில் பாதியில் எழ முடியாது. அங்கே செய்யக்கூடியது, ஸ்டாக்கைப் புதிதாக எண்ணுவது. "40 பிளைண்ட் இருந்தது, 15 ஆகிவிட்டது" என்று புலம்புவதை விட்டு, "15 பிளைண்டோடு இப்போதுதான் உட்காருகிறேன், இதற்குச் சரியான ஆட்டம் என்ன?" என்று கேளுங்கள். வெளியேறிய உடனே ரீ-என்ட்ரி பொத்தானை அழுத்தாதீர்கள், எத்தனை தடவை நுழைவேன் என்பது ஐந்தாவது படியிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

9. மறுநாள் பரிசீலனை

அன்றிரவே ஹேண்ட்களைத் திறந்து பார்க்காதீர்கள். தோற்ற சூட்டில் பார்த்தால் எதிராளியின் தப்பு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் குறித்து வைத்த ஹேண்ட்களை எடுத்து, பணம் போன தருணத்தில் முடிவு சரியா என்று மட்டும் பாருங்கள், கடைசியில் யார் ஜெயித்தார் என்பதை மறைத்துவிட்டால் இன்னும் நல்லது. சரியான முடிவு என்றால் மூடிவிடுங்கள், அதைப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் கதையாகச் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம். சொல்லச் சொல்ல அது பெரிதாகத்தான் ஆகும்.

அப்புறம் நஷ்டத்தை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: சீட்டால் போனது இவ்வளவு, முதல் அறிகுறி தெரிந்த பிறகு ஆடியதில் போனது இவ்வளவு. சில வாரம் எழுதினால் இரண்டாவது எண் முதலாவதை மிஞ்சி நிற்பதைப் பலர் பார்க்கிறார்கள். யார் சொல்லியும் ஸ்டாப்-லாஸ் போடாத ஆள் கூட, தன் கையெழுத்தில் அந்த எண்ணைப் பார்த்த பிறகு போடுகிறார்.

10. இது டில்ட் தாண்டிய விஷயமா என்று பாருங்கள்

கடன் வாங்கி ஆடுவது, போன தொகையை வீட்டில் மறைப்பது, போட்ட வரம்பை ஒவ்வொரு தடவையும் உயர்த்திக்கொண்டே போவது, ஆடாத நேரத்திலும் போனதை எடுக்கும் யோசனையே ஓடுவது, நிறுத்தினால் எரிச்சலும் தூக்கமின்மையும் வருவது. இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலும் மேலே சொன்ன ஒன்பது படியும் உங்களுக்கானவை அல்ல, ஏனென்றால் அவை எல்லாம் நீங்கள் ஆட்டத்தைத் தொடர்வீர்கள் என்ற அடிப்படையில் எழுதியவை.

பெரும்பாலான தளங்களில் செல்ஃப் எக்ஸ்க்ளூஷன் (உங்களை நீங்களே ஆட்டத்திலிருந்து தடை செய்துகொள்ளும்) வசதி இருக்கும், அதில் கிடைக்கும் மிக நீண்ட காலத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் நம்பும் ஒருவரிடம் உண்மையான தொகையைச் சொல்லி, பணப் பொறுப்பைக் கொஞ்ச காலம் அவரிடம் கொடுங்கள். சூதாட்டப் பழக்கத்துக்கு உதவும் ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். வரிசை இதிலும் உண்டு: அக்கவுண்ட்டைப் பூட்டுவது முதலில், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.